விசிறியின் ஓரத்தில் போட்ட கையெழுத்து

பதினாறு விசிறிகளும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். முதலாவதில் என் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஐந்தாவதுக்கு வந்தபோது விஷயம் விளங்கிவிட்டது. என்றாலும் விடாமல் பதினாறையும் பார்த்து முடித்தேன்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு கலைக்கூடம். கண்காட்சி திறக்கும் நாள், பின்னேரம். வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசமும் வைன் வாசமும் கலந்து அடித்தன. என் மகள் மெலனி பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, கண்ணாடியில மூக்கு முட்டுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

"என்ர பேர் எங்கையடி?"

"எந்தப் பேர்?"

"நான் பென்சிலால எழுதின பேர்."

அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வெட்டிப்போட்டினம் போல கிடக்கு, அம்மா."

நான்கு ஆற்றுப் படங்கள், ஒவ்வொன்றிலும் முப்பதாக நூற்றிருபது தாள்கள். ஒவ்வொன்றிலும் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை ஓரத்தில் 'அச்சு: றீற்றா' என்று எழுதியிருந்தேன். இப்போது ஓரம் என்று ஒன்றே இல்லை. படத்தை விசிறியின் வளைவோடு கத்தரித்து, மூங்கில் சட்டத்தில் ஒட்டி, பிடியும் வைத்துவிட்டார்கள். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. செலின் வரைந்த படங்கள், கலைஞரின் பட்டறையில் அச்சிடப்பட்டவை என்று அதில் இருந்தது. பட்டறை தானாக எழும்பி, தானாக மை பூசி, தானாக அச்சடித்ததாம்.

விசிறிக்கும் மரக்கட்டைக்கும் என்ன சம்பந்தம்

போன கிழமை இந்தப் பத்தியில் நான் தாள் நனைக்கும் விதத்தைப் பற்றி எழுதியதும், தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், விசிறின்னு சொல்றீங்க, மரக்கட்டைன்னு சொல்றீங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

ஜப்பானில் உகியோ-எ என்று ஒரு பழைய அச்சுக்கலை. ஒருவர் படத்தை வரைவார். இன்னொருவர் அதை மரக்கட்டையில் செதுக்குவார், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கட்டை. மூன்றாவது ஆள் கட்டையில் நிறம் பூசி, ஈரத் தாளை வைத்து, முதுகில் தேய்த்து எடுப்பார். நாடக நடிகர்கள், அழகான பெண்கள், ஆறு, பாலம், மழை எல்லாம் இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவின.

அதில் ஒரு வகை விசிறிப் படம். தாளின் நடுவில் விசிறியின் வடிவத்தில் படம் இருக்கும், சுற்றிவர வெறும் வெள்ளை. வாங்குகிறவர் கோட்டோடு கத்தரித்து மூங்கில் சட்டத்தில் ஒட்டி, அந்தக் கோடை முழுக்க விசிறுவார். வியர்வையிலும் கைப்பிடியிலும் ஊறிக் கிழிந்ததும் வீசிவிடுவார். இன்றைக்கு அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் முக்கால்வாசி விற்காமல் கிடந்தவை, அல்லது மாதிரிக்கென்று வைத்தவை. விசிறாமல் விட்டதால் தப்பியவை.

வரைந்தவரின் பெயரும் பதிப்பித்தவரின் முத்திரையும் அந்தப் படங்களில் எங்கே இருக்கும் தெரியுமா? விசிறிக் கோட்டுக்கு உள்ளே. கத்தரிக்கோல் வரப்போவது அவர்களுக்குத் தெரியும். செதுக்கியவர், அச்சடித்தவர் பெயரைப் பெரும்பாலும் உள்ளேயும் காணமாட்டீர்கள், வெளியேயும் காணமாட்டீர்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போல ஒரு மடைச்சி இந்த மொன்றியலில் இருப்பாளா?

ஏன் போட்டேன் என்றும் சொல்லவேண்டும். இங்கத்தைய பட்டறைகளில் அச்சுப் படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுவதுதான் வழக்கம். இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையெழுத்து. செலினுடைய பட்டறையில் பத்து வருடமாக அதையே பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரம் என்பது பெயர் எழுதும் இடம் என்று பதிந்துவிட்டது. "செலின், இந்தமுறை என்னுடைய பெயரும் இருக்கவேணும்" என்று நான் கேட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டேன். "ஓ, நிச்சயமாக, றீற்றா" என்று அவள் பென்சிலை எடுத்து நீட்டி, விரலால் இடத்தைக் காட்டினாள். "இங்கே போடு."

செலினை மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

துடைக்கப் போன இடம்

செலினுடைய பட்டறை செயின்ட்-மிஷேலில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு. நான் அங்கே போனது நிலம் துடைக்க. காலையில் டவுன்டவுன் ஹோட்டலில் இஸ்திரிப் பெட்டியால் துணி அழுத்தும் வேலை, பின்னேரம் பட்டறையில் துடைக்கும் வேலை.

ஒருநாள் செலின் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கட்டையில் வைத்துத் தேய்க்க, தாள் நார் நாராக உரிந்து வந்தது. நான் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் போய், அடுத்த தாளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஈரம் கூடிப்போயிருந்தது. ஹோட்டலில் ஆயிரம் மேசை விரிப்பு அழுத்திய கைக்கு அது தெரியாதா? பழைய பத்திரிகைகளுக்கு நடுவே தாள்களை அடுக்கி, மேலே பாரம் வைத்து, நாளைக்கு அடியுங்கள் என்றேன். மறுநாள் ஒரு தாளும் கிழியவில்லை.

பிறகு நான் துடைப்பம் தொட்டது குறைவு. தாள் நனைத்தேன். நிறத்தோடு சோற்றுப் பசை கலந்தேன். மூங்கில் மடல் சுற்றிய தட்டால் தேய்க்கப் பழகினேன். பேந்து செதுக்கவும் தொடங்கினேன். செலின் மெல்லிய கடதாசியில் வரைந்து தருவாள். நான் அதைக் கவிழ்த்துக் கட்டையில் ஒட்டி, கோட்டை விட்டு மிச்சத்தைச் செதுக்கி எடுப்பேன். அந்த நான்கு ஆற்றுப் படங்களிலும் அவள் கை பட்டது கடதாசியில் மட்டும்.

ஆற்று நீர் கீழே கடுநீலமாகத் தொடங்கி மேலே போகப் போக ஒன்றுமில்லாமல் கரையவேண்டும். கட்டையின் ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெறும் தண்ணீர், நடுவில் தூரிகையை ஒரே இழுவையில் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக. அப்படி இழுத்து இழுத்து என் முழங்கை வீங்கி, ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாமல் ஒரு மாதம் கிடந்தேன். கண்காட்சியில் ஒரு கனவான் அந்த நீலத்தைப் பார்த்து, "கலைஞரின் மென்மையான மனம் இதில் தெரிகிறது" என்று சொன்னார். மனம் இல்லை ஐயா, என்னுடைய முழங்கை.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் சமைக்கிறவர். எதையும் பகிடியாக்கி விடுவார். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததும், "இஞ்சரும், விசிறிக்கு என்னத்துக்குப் பேர்? காத்து வந்தாக் காணும்" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. குசினிக்காரர்தானே, போட்டுச் சாப்பிடட்டும்.

மூன்று தகட்டில் மூன்று பெயர்

ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பெயர் எழுதும் விசர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு ஒரு கதிரை கொடுத்தாலும் முதுகில் பெயர். மணிக்கூடு கொடுத்தால் முள்ளுக்குப் பின்னால் பெயர். யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு மின்விசிறி கொடுத்தார்கள். மூன்று தகட்டிலும் சிவப்பு மையால் மூன்று பேரின் பெயரும் எழுதித்தான் தொங்கவிட்டார்கள். விசிறி சுற்றத் தொடங்கியதும் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மூத்தவர் போய்ப் பங்குக் குருவான சுவாமியிடம், பிரசங்க நேரத்தில் மட்டும் விசிறியை நிற்பாட்டி வையுங்கள் என்று கேட்டாராம். சுவாமி அப்படியே செய்தார். வைகாசி வெயிலில் சனம் வியர்த்து ஒழுகிக்கொண்டு மூன்று பெயரையும் அண்ணாந்து வாசித்தது.

நான் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். இங்கத்தைய பங்குத் திருநாள் மலரில் சமைத்தவர், சோடித்தவர், கோப்பை கழுவியவர் என்று இரண்டு பக்கத்துக்குப் பெயர் போடும்போதும், இதென்ன கண்டறியாத ஆசை என்று சொன்னவள். என்னுடைய பெயரைப் போடவேண்டாம் என்று இரண்டு முறை தடுத்தும் இருக்கிறேன். அந்தப் பெருமையையும் இதிலே எழுதி வைக்கிறேன்.

அந்த மூத்தவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்க ஆசை. உழைத்துக் கொடுத்த மனிசன், தன் பெயரை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று கேட்டான். அதில் என்ன பிழை?

லொங்குய்யிலிருந்து வந்தவர்

நான் பெயர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு கலை நிலையத்தில் சனிக்கிழமைகளில் மரக்கட்டை அச்சு பழக்க ஆள் தேடினார்கள். பொறுப்பாக இருந்தவர் லூஸ் என்ற பெண்மணி. மஞ்சள் லைன் மெற்றோ எடுத்துப் போய் அவரைப் பார்த்தேன். என் விரல்களைப் பார்த்தார், நகக்கண்ணில் நீலம் இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கள் பெயரோடு வெளிவந்த வேலை ஒன்றைக் காட்டினால் போதும். எங்கள் குழு அதைத்தான் கேட்கும்" என்றார்.

என்னிடம் இருந்தவை பிழைத்த தாள்கள், மை வழிந்தவை, கோடு விலகியவை. நல்லதெல்லாம் செலினிடம். அதனால் கண்காட்சிக்கு வாருங்கள் என்றேன். வந்தார்.

பதினாறையும் பார்த்துவிட்டு நான் மரமாக நின்றபோதுதான் அவர் என் தோளைத் தொட்டார். எது உங்களுடையது என்று கேட்டார். எல்லாம் என்றேன். அவர் சுவரில் இருந்த அட்டையை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இவள் பொய் சொல்கிறாளோ என்று யோசித்துக்கொண்டே மரியாதையாகச் சிரிக்கும் பார்வை.

"அச்சுகள்... அழகாக இருக்கின்றன" என்று இழுத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமைக்குள் வேறொருவரை எடுத்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்ல மரியாதையான மின்னஞ்சல்.

மெலனியின் மொழிபெயர்ப்பு

திங்கட்கிழமை செலினிடம் போனேன். மெலனியும் வந்தாள். "நீங்கள் தனியப் போனா கத்துவீங்கள். நான் கதைக்கிறன்" என்று அடம்பிடித்து வந்தாள். என்னுடைய பிரெஞ்சு வேலைக்குக் காணும். சண்டைக்குக் காணாது.

செலின் கோப்பி போட்டு வைத்திருந்தாள். சிரித்த முகம். அதுதான் என்னை முதலில் கொதிக்க வைத்தது. அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நான் மெலனியிடம் தமிழில் சொன்னேன். "நூற்றிருபது தரம் என்ர பேரைக் கத்தரிச்சுக் குப்பையில போட்டனி எண்டு சொல்லு."

மெலனி பிரெஞ்சில் சொன்னாள்: அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"பத்து வருசம் என்ர கையால உழைச்சுப்போட்டு, சுவரில பட்டறை அடிச்சது எண்டு எழுத உனக்கு வெக்கமில்லையோ எண்டு கேள்."

அந்த அட்டையை மாற்ற முடியுமா என்று அம்மா கேட்கிறார், என்றாள் மெலனி.

எனக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காதா? பெற்ற பிள்ளை என் பக்கத்தில் இருந்துகொண்டு என் கோபத்தைச் சர்க்கரை போட்டுக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செலின் கையை விரித்தாள். "ஆனால் றீற்றா, இதுதானே மரபு. விசிறிப் படத்தை வெட்டத்தான் வேண்டும். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமே." அட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, கலைக்கூடத்தின் முறை அப்படி, வரைந்தவர் பெயர் மட்டும்தான் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இங்கே வேலைக்காரி இல்லை. நீ குடும்பம்" என்றாள்.

குடும்பம் என்றால் பெயர் தேவையில்லைத்தான். யார் வீட்டில் அம்மா சமைத்த கறிக்குப் பெயர் எழுதி வைக்கிறார்கள்?

இவ்வளவுக்கும் செலினுடைய சிவப்பு முத்திரை எல்லா விசிறியிலும் இருக்கிறது. கோட்டுக்கு உள்ளே; பாலம் உள்ள படத்தில் பாலத்தின் காலுக்குப் பக்கத்தில். மரபு தெரிந்தபடியால்தான் அவள் அதை உள்ளே வைத்தாள். அந்த முத்திரைக் கட்டையைச் செதுக்கிக் கொடுத்ததும் நான்.

பஸ்சில் வரும்போது மெலனியிடம் கேட்டேன். "என்ர வாயை ஆர் உனக்குத் தந்தது?"

"அப்பிடியே சொல்லியிருந்தா உங்களுக்கு வேலை போயிருக்கும், அம்மா."

"போனா என்ர வேலை. நீ ஆர் அதைக் காப்பாத்த?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள்மேல் எனக்கு இருந்தது நியாயமில்லாத கோபம் என்று தெரியும். தெரிந்தும் தணியவில்லை.

நீலக் கட்டை

பனி உருகத் தொடங்கிய நேரம் செலினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பாலமும் ஆறும் உள்ள படத்தைக் கேட்டு ஒரு கடை வந்திருக்கிறது, இன்னும் அறுபது தாள் அடித்துத் தருவாயா என்று. தான் வெளியூர் போகிறாளாம், திரும்பி வர இரண்டு கிழமை ஆகும். பட்டறைத் திறப்பு, அதாவது சாவி, வழக்கமான இடத்தில்.

லொங்குய் வேலை போய்விட்டது. இனிப் பெயரால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதையும் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

கட்டைகளைத் தட்டிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். கோட்டுக் கட்டை, சிவப்பு, சாம்பல், நீலம். மரத்தில் வெட்டி எடுத்த இடத்துக்கு மறுபடி எழுத்து வைக்க முடியாது. ஆனால் நீலக் கட்டையில் ஆற்றின் அடிப்பக்கம் வெட்டாமல் முழுசாக இருந்தது. அந்த இடத்தில் வேறு நிறமும் விழாது. அங்கே செதுக்கினால் கடுநீலத்தில் வெள்ளையாக வரும்.

மெல்லிய கடதாசியில் பெயரை எழுதி, கவிழ்த்து ஒட்டினேன். றீற்றா. அந்த றகர வளைவுகளை இடவலம் மாற்றிச் செதுக்கிப் பாருங்கள், பெற்றோர் இன்னும் சின்னப் பெயராக வைத்திருக்கலாம் என்று தோன்றும். செலினுடைய முத்திரை எவ்வளவோ அவ்வளவுதான். அதைவிட ஒரு இம்மியும் பெரிதாக்கவில்லை. விசிறிக் கோட்டிலிருந்து மூன்று விரல் உள்ளே.

முதல் சீவல் கழன்று வந்ததும் ஊதித் தள்ளினேன். கட்டை அவளுடையது. செதுக்கியதை மறுபடி ஒட்ட ஏலாது. இது களவா என்று நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவுமில்லை. மனம் வருந்தாத பாவத்தைச் சொல்லி என்ன பலன்?

அறுபது தாள் அடித்தேன். முழங்கை மறுபடி வீங்கியது. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அறுபதையும் அவள் கடைக்குக் கொடுத்தாள். நாள் குறித்தாயிற்று, வேறு வழி அவளுக்கு இருக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கட்டைகள் இப்போதும் அவளிடம்தான். பத்து வருட வேலை அதோடு முடிந்தது.

பயணத்திலிருந்து திரும்பி அவள் பட்டறைக்கு வந்த அன்று தாள்கள் காய்ந்து அடுக்கியிருந்தன. நீலத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகு, றீற்றா" என்றாள். புதிய மூங்கில் சட்டத்துக்கு அளவு சரியா என்று பார்க்க ஒரு தாளை எடுத்து, நின்றபடியே கோட்டோடு கத்தரித்தாள். வெள்ளை ஓரம் சுருண்டு அவள் காலடியில் விழுந்தது. விசிறியை வெளிச்சத்தில் பிடித்தாள். கை அப்படியே நின்றது.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

"றீற்றா."

கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அடுத்த தாளைப் புரட்டினாள், அதற்கடுத்ததைப் புரட்டினாள். அடியிலிருந்தும் ஒன்றை உருவிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. கத்தவில்லை. அவள் கத்துகிற ஆள் இல்லை.

"நீ என்னிடம் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டனான், செலின். நீ எனக்கு ஓரத்தைத் தந்தனி."